தம்பி அமெரிக்காவுல எக்ஸ்டென்ஷன் போட்டுட்டாரு, நம்ம சேலம் ட்ரஸ்ட்டுக்கும் அது சேருமா?

அக்கா கேட்டது இதுதான். நாகலூர் பக்கம் மலை கிராமத்துப் புள்ளைங்களுக்கு சாயங்கால டியூஷன் நடத்துற ட்ரஸ்ட் ஒண்ணு சேலத்துல பதிவாகி இருக்கு, அதுக்கு இவங்கதான் பொருளாளர். நியூ ஜெர்சில இருக்கற தம்பி அங்க நாலு ஃப்ரண்ட்ஸோட சேந்து ஒரு நான்-ப்ராஃபிட், அதாவது லாப நோக்கமில்லாத அமைப்பு வெச்சு பணம் திரட்டி இங்க அனுப்பறாரு. இப்ப கணக்கு முடிக்கற நேரம், தம்பி ஃபோன்ல "நான் எக்ஸ்டென்ஷன் போட்டுட்டேன்க்கா, நவம்பர் 15 வரைக்கும் டைம் இருக்கு, நீ மெதுவா பண்ணு"ன்னு சொல்லிட்டாராம். அது நமக்கும் சேருமா, இல்ல நம்ம தனியா அப்ளை பண்ணனுமா, பண்ணனும்னா எந்த ஃபாரம்னு கேக்கறாங்க.

சேராதுங்க அக்கா. தனியா அப்ளை பண்ணலாம்னா அதுக்கு ஃபாரமே கெடையாது. அங்க எக்ஸ்டென்ஷன்ங்கறது, அதாவது வருஷ ரிட்டர்ன் போடற கெடுவ நீட்டிக்கறது, நம்மளா கேட்டு வாங்கிக்கற ஒண்ணு, இங்க அது கவர்மெண்டு ஊருக்கே பொதுவா அறிவிக்கறது. அவங்க அறிவிக்கலைன்னா கெடு தாண்டினப்பறம் மன்னிப்பு கேக்கற வழி மட்டும்தான் இருக்கு. இந்த வித்தியாசம் புரியாம ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டவங்கள நெறைய பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க.

மொதல்ல அமெரிக்கா கதை. ஏன்னா தம்பி "போட்டுட்டேன்"னு சொன்னது சரியாத்தான் போட்டிருக்காரான்னு பாக்கணும். நான் அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஆபீஸ்ல ஏழு வருஷம் அமெரிக்க ரிட்டர்ன் போடற வேலை பாத்தவன், நைட் ஷிஃப்ட். மே மாசம் ஊரே கோடை விழா பாக்க ஏற்காட்டுக்கு வண்டி கட்டிட்டுப் போகும், நாங்க மட்டும் ஏசி ரூம்ல உக்காந்து ராத்திரி ரெண்டு மணிக்கு 8868 தட்டிட்டு இருப்போம். அந்த 8868தான் தம்பி சொல்ற எக்ஸ்டென்ஷன் ஃபாரம்.

அங்க நான் ப்ராஃபிட்டோட வருஷ ரிட்டர்ன் ஃபாரம் 990. கணக்கு வருஷம் முடிஞ்சு அஞ்சாவது மாசம் 15ஆம் தேதி கெடு, டிசம்பர்ல வருஷம் முடியறவங்களுக்கு மே 15, ஜூன்ல முடியறவங்களுக்கு நவம்பர் 15, அன்னிக்கு சனி ஞாயிறு வந்தா அடுத்த வேலை நாள். அந்தக் கெடுவுக்குள்ள 8868 போட்டா ஆறு மாசம் தானா வந்துரும். ஏன் லேட்டுன்னு காரணம் எழுத வேண்டாம், கையெழுத்துகூட வேண்டாம், பேரு, அட்ரஸ், இஐஎன்ங்கற வரி அடையாள நம்பர், எந்த ரிட்டர்னுக்குன்னு ஒரு கோடு நம்பர், எந்தக் கணக்கு வருஷம், அவ்ளோதான். முன்னாடி மூணு மாசம்தான் தானா குடுப்பாங்க, அடுத்த மூணு மாசத்துக்கு காரணம் எழுதி மறுபடி கேக்கணும். 2016ல ஆரம்பிச்ச கணக்கு வருஷத்துல இருந்து அத மாத்தி ஒரே தடவையா ஆறு மாசம் ஆக்கிட்டாங்க. ஆன்லைன்லயும் போடலாம், பேப்பர்ல போட்டு யூட்டா மாநிலத்துல ஆக்டன்ங்கற ஊருக்கு தபால்லயும் அனுப்பலாம். ஒத்துக்கிட்டா சிபி211ஏன்னு ஒரு கடுதாசி வரும், அத தம்பிகிட்ட கேட்டு வாங்கி உங்க ஃபைல்லயும் ஒரு காப்பி போட்டு வைங்க.

சுலபம்தான். ஆனா அந்த சுலபத்துலதான் தப்பு நடக்கும்.

தம்பியோட அமைப்புக்கு வருஷ வரவு எவ்ளோன்னு கேளுங்க. மொத்த வரவு சராசரியா 50,000 டாலருக்கு உள்ளதான்னா அவங்க போட வேண்டியது 990-என், இ-போஸ்ட்கார்டுன்னு சொல்லுவாங்க, எட்டே விவரம், பத்து நிமிஷ வேலை. அதுக்கு எக்ஸ்டென்ஷன்ங்கறதே கெடையாது, 8868 அதுக்குச் செல்லாது. தம்பி 8868 போட்டுட்டு நிம்மதியா இருந்தாருன்னா அது ஒண்ணுமில்லாத நிம்மதி. போஸ்ட்கார்டு லேட்டா போட்டா அபராதம் இல்ல, அதனால பெருசா ஒண்ணும் ஆகிடாது, லேட்டானாலும் போட்டுரச் சொல்லுங்க. ஆனா மூணு வருஷம் தொடர்ந்து ஒண்ணுமே போடாம விட்டா வரிவிலக்கு தானா ரத்தாயிரும், கூப்பிட்டு விசாரிக்கறதெல்லாம் கெடையாது, மூணாவது வருஷக் கெடு அன்னிக்கே போச்சு, அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ல அமைப்போட பேரப் போட்டு லிஸ்ட் வெளியிட்டுருவாங்க. திரும்ப வாங்க வரிவிலக்கு அப்ளிகேஷனான 1023 இல்ல 1023-இஇசட் மறுபடி போடணும், பீஸே 600 இல்ல 275 டாலர் ஆகும். நான் வேலை பாத்த காலத்துல இப்படி ஒரு கேஸ். நல்ல மனசுக்காரங்க, சொந்த ஊரு பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு டெஸ்க் வாங்கித் தர்றவங்க, வருஷா வருஷம் மே மாசம் 8868 மட்டும் போட்டு "எக்ஸ்டென்ஷன்ல இருக்கோம்"னு இருந்திருக்காங்க, நவம்பர்ல யாரும் ஒண்ணும் போடல. மூணு வருஷம். ஃபைலத் தொறந்து பாத்த அன்னிக்கு எனக்கே வயித்தக் கலக்கிருச்சு.

50,000க்கு மேல, ஆனா வரவு 2 லட்சம் டாலருக்குக் கம்மி, சொத்தும் 5 லட்சம் டாலருக்குக் கம்மின்னா 990-இஇசட். அதத் தாண்டினா முழு 990. இந்த ரெண்டுக்கும் 8868 செல்லும், ரெண்டுக்கும் ஒரே கோடு, 01. தம்பியும் ஃப்ரண்ட்ஸும் மட்டுமே கைக்காசு போட்டு நடத்துறாங்க, வெளிய பெருசா வசூல் இல்லைன்னா அது பிரைவேட் ஃபவுண்டேஷன்னு கணக்காகியிருக்க வாய்ப்பு இருக்கு, அப்ப வரவு எவ்ளோ சின்னதா இருந்தாலும் 990-பிஎஃப்தான், கோடு 04. அதுல முதலீட்டு வருமானத்துக்கு 1.39 சதவீதம் வரி உண்டு, அந்த வரிய மே 15க்கே கட்டிரணும். எக்ஸ்டென்ஷன் பேப்பர் போடத்தான், பணம் கட்ட இல்ல. இத எத்தன தடவ சொன்னாலும் கிளையண்ட்டுக மறந்துருவாங்க.

கெடு தாண்டி முழு 990ஓ 990-இஇசட்டோ போட்டா சின்ன அமைப்புக்கு அபராதம் நாளுக்கு 20 டாலர், அது அவங்க வருஷ வரவுல 5 சதவீதம் தொடற வரைக்கும் ஏறும் (மேல ஒரு உச்ச வரம்பும் உண்டு, சின்ன அமைப்புக அதத் தொடறது கம்மி). ஒரு கணக்குக்கு 84,000 டாலர் வரவுன்னு வைங்க, 5 சதவீதம் 4,200, இருவது இருவதா ஏறி 210 நாள்ல அங்க போய் நிக்கும். இன்னிக்கு ரேட்டுக்கு உங்க டியூஷன் டீச்சர் ரெண்டு பேரு சம்பளம் எத்தன மாசத்துக்கு வரும்னு நீங்களே போட்டுப் பாருங்க. நியாயமான காரணம் இருந்தா லெட்டர் எழுதி அபராதத்த நீக்கச் சொல்லிக் கேக்கலாம், பல தடவ நீக்கியும் இருக்காங்க, ஆனா 8868 ஒண்ணு போட்டிருந்தா அந்த லெட்டருக்கே வேலை இல்லையே. அதனால தம்பி போட்டது நல்லதுதான், தப்பு சொல்லல. மாநிலத்துக்குத் தனியா தர்ம அமைப்புப் பதிவும் புதுப்பிப்பும் உண்டு, அதுக்கு ஐஆர்எஸ் எக்ஸ்டென்ஷன் தானா ஒட்டிக்கும்னு நெனைக்க வேண்டாம்னு அவருகிட்ட சொல்லிருங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம ட்ரஸ்ட்டுக்கு மார்ச் 31ல வருஷம் முடியுது. விலக்கு கழிக்கறதுக்கு முன்னாடி உள்ள வருமானம் வரி வராத அடிப்படை வரம்பத் தாண்டினா ஆடிட் கட்டாயம், உங்களுக்குத் தாண்டியிருக்கும். ஆடிட் ரிப்போர்ட்டுக்கு கெடு செப்டம்பர் 30, ட்ரஸ்ட்டு போடற வருமான வரி ரிட்டர்ன் ஐடிஆர் 7க்கு அக்டோபர் 31. ரிப்போர்ட்டுல ரெண்டு வகை இருக்கு, 10பி, 10பிபி. பொதுவா 5 கோடிக்கு மேல வருமானம் உள்ளவங்களுக்குத்தான் 10பின்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. ஆனா வருஷத்துல ஒரு ரூபா வெளிநாட்டு நிதி வந்தாலும் 10பிதான். உங்களுக்கு தம்பியோட அமைப்புல இருந்து பணம் வருது, அதனால நீங்க 10பி. சின்ன ட்ரஸ்ட்டுதானேன்னு ஆடிட்டர் பழக்கத்துல 10பிபி போட்டுட்டா தப்பான ஃபாரம் ஆயிரும், அத முன்னாடியே வாயத் தொறந்து கேட்டுருங்க, கூச்சப்படாதீங்க. வந்த பணத்துல 85 சதவீதம் அந்த வருஷமே செலவு பண்ணனும்ங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பண்ண முடியல, அடுத்து வர்ற வருஷங்களுக்கு ஒதுக்கி வெக்கறோம்னா ஃபாரம் 10, பணமே லேட்டா வந்துச்சுன்னா ஃபாரம் 9ஏ. ரெண்டுக்கும் ரிட்டர்ன் கெடுவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, அதாவது ஆகஸ்ட் 31. அது தவறினாலும் ரிட்டர்ன் கெடுவுக்குள்ள போட்டுட்டா மறுக்கமாட்டோம்னு 2023ல சிபிடிடி (மத்திய நேரடி வரி வாரியம்) சர்க்குலர்ல சொன்னாங்க, ஆனா அதயே நம்பி உக்காந்துக்க வேண்டாம்.

தேதிய வரிசையா நெனச்சுப் பாருங்க அக்கா. ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31. தம்பி சொன்ன நவம்பர் 15 வர்றதுக்குள்ள நம்ம கெடு மூணும் போயிருக்கும். அவரு நல்ல மனசோட "மெதுவா பண்ணு"ன்னு சொன்னத நீங்க அப்படியே கேட்டா அவருக்கு ஒண்ணும் ஆகாது, ட்ரஸ்ட்டுக்குத்தான் அடி.

சரி, இங்கயும் வருஷா வருஷம் தேதி தள்ளிப் போடறாங்களேன்னு கேப்பீங்க, கேக்கறது நியாயம். 2022ல ஆடிட் ரிப்போர்ட்ட அக்டோபர் 7க்குத் தள்ளினாங்க, அந்த ஆர்டர் வந்ததே செப்டம்பர் 30 அன்னிக்குத்தான். 2023ல கொஞ்சம் கருணை, செப்டம்பர் 18லயே சொல்லிட்டாங்க, ரிப்போர்ட் அக்டோபர் 31, ஐடிஆர் 7 நவம்பர் 30. 2024ல மறுபடி கடைசி நேரம், செப்டம்பர் 29 ஞாயித்துக்கெழம ஆர்டர், ஏழே நாள். 2025ல ஐகோர்ட்டுகள்ல கேஸ் எல்லாம் போட்டு செப்டம்பர் 25ல ஒரு மாசம் தள்ளி, அப்பறம் இன்னும் பத்து நாள் தள்ளி நவம்பர் 10, ரிட்டர்ன் டிசம்பர் 10 வரைக்கும் போச்சு. இது எதுவும் யாரோ ஒரு ட்ரஸ்ட் அப்ளிகேஷன் போட்டு வாங்கினது இல்ல, நாடு முழுக்க எல்லாருக்கும் சேத்து செக்ஷன் 119ல சிபிடிடி போடற ஆர்டர். வந்தா மழை, வரலைன்னா வெயிலு. மழைய நம்பி மானாவாரி வெதைக்கற மாதிரி கணக்கு வெச்சுக்கிட்டா ஆடிட்டருக்கும் பிபி ஏறும் நமக்கும் ஏறும்.

அந்த ஏழு நாள் கதைய சொல்லியே ஆகணும். 2024 அக்டோபர் 7, திங்கக்கெழம, நவராத்திரி நேரம். ஏற்காட்டுல ஒரு சின்ன ட்ரஸ்ட், பேரு வேண்டாம், பெரியவரு ஒருத்தருதான் மேனேஜிங் டிரஸ்டி, எழுவத்தெட்டு வயசு, மேல காப்பித் தோட்டத்துலயே இருப்பாரு. கணக்கெல்லாம் நான்தான் பாத்துக் குடுத்தேன். செப்டம்பர் 30க்கே முடிச்சிருக்கணும், தேதி தள்ளிட்டாங்கன்னு வாட்ஸ்அப்புல பாத்த உடனே எல்லாரும் கைய விட்டுட்டோம், நானும்தான், ஒளிக்க ஒண்ணுமில்ல. ஏழாந்தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆடிட்டர் ரிப்போர்ட்ட அப்லோடு பண்ணிட்டாரு. முடிஞ்சுதுன்னு நெனச்சு நான் கொலுவுக்கு வந்தவங்களுக்கு சுண்டல் பொட்டலம் மடிச்சிட்டு இருக்கேன். எட்டரை மணிக்கு ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஃபோன் பண்றான், "அண்ணா, அக்செப்ட் பண்ணலையே"ங்கறான். ஆடிட்டர் அப்லோடு பண்ணினா மட்டும் ஃபைல் ஆனதா கணக்கு இல்ல, ட்ரஸ்ட்டு லாகின்ல உள்ள போயி அத ஒத்துக்கிட்டு வெரிஃபை பண்ணினாத்தான் ஃபைல் ஆன தேதியே விழும். இது எத்தன பேருக்குத் தெரியும்ங்கறீங்க?

லேப்டாப்பத் தொறந்து டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனச் சொருகினா எக்ஸ்பைரி ஆயி மூணு வாரம் ஆச்சு. இனி ஆதார் ஓடிபிதான் வழி. பெரியவரு ஃபோனுக்கு அடிச்சா தொடர்பு எல்லைக்கு வெளில. மேல மழை, கரண்ட்டு போயி டவரும் போச்சு. பக்கத்து எஸ்டேட் லேண்ட்லைனுக்கு அடிச்சு, அவங்க ஆள் அனுப்பிச் சொல்லி, பெரியவரோட பையன் அப்பாவ ஜீப்புல ஏத்திக்கிட்டு கீழ எறங்கறாரு. இருவது கொண்டை ஊசி வளைவு, மழைல, ராத்திரி பத்தரை மணிக்கு. நான் அஸ்தம்பட்டில வீட்டு ஹாலுல, கொலுப்படிக்குப் பக்கத்துல லேப்டாப்ப வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பதிமூணாவது வளைவுகிட்ட ரெண்டு கோடு சிக்னல் வந்துச்சுன்னு கூப்பிட்டாங்க, ஓடிபி அனுப்பினேன், பெரியவரு கண்ணாடிய வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டாரு, பையன் படிக்கறாரு, நாலு நம்பர் சொன்ன உடனே லைன் கட். மறுபடி லைன் கெடைக்கறதுக்குள்ள அந்த ஓடிபி காலாவதி. இன்னும் கொஞ்சம் கீழ எறங்கி நிறுத்தி ரெண்டாவது ஓடிபி. ஓடிபிய யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு பேங்க்குல படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க, அன்னிக்கு பெரியவரு மலை மேல இருந்து கத்திச் சொன்னாரு, தோட்டத்து நரிக்கே கேட்டிருக்கும். 11:41க்கு பச்சை டிக் விழுந்துச்சு. எக்ஸ்டென்ஷன் குடுத்த ஏழு நாள்ல நாங்க உருப்படியா பயன்படுத்தினது கடைசி மூணு மணி நேரம்.

பத்தொம்பது நிமிஷம் தாண்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டா, அதுதான் உங்க கேள்வியோட அடுத்த பாதி. ரிப்போர்ட் கெடு தாண்டினா ட்ரஸ்ட் வருமானத்துக்கு உள்ள வரிவிலக்கு, செக்ஷன் 11 விலக்கு, கையவிட்டுப் போகும். வரித்துறையோட பெங்களூரு ப்ராசஸிங் சென்டர் சிபிசில கம்ப்யூட்டர் ரிட்டர்ன ப்ராசஸ் பண்ணும்போதே விலக்கத் தூக்கிட்டு டிமாண்ட் போட்டு அனுப்பிரும், மனுஷன் யாரும் பாக்கறதில்ல. அப்படி விலக்கு போனாலும் இங்க பண்ணின நடப்புச் செலவக் கழிச்சுக்க 2022 பட்ஜெட்ல ஒரு வழி வெச்சாங்க, ஆனா கேபிடல் செலவு கழியாது. டீச்சர் சம்பளம் கழியும், புள்ளைங்க உக்கார நீங்க ரூமு கட்டியிருந்தா அது கழியாது, அந்தக் காசுக்கு வரி கட்டுன்னு வரும். ரிட்டர்ன் லேட்டுன்னா டிசம்பர் 31 வரைக்கும் பிலேட்டட் ரிட்டர்ன் போடலாம், 5,000 ரூபா லேட் பீஸ், மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு உள்ளன்னா 1,000. அதயும் தாண்டிட்டு அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாமேன்னு சில பேரு யோசனை சொல்லுவாங்க, போடலாம், ஆனா அதுல விலக்கு கெடைக்காது, 2023ல இருந்தே அத அடைச்சுட்டாங்க.

மன்னிப்பு வழிக்குப் பேரு கன்டோனேஷன், செக்ஷன் 119(2)(பி). 10பி, 10பிபி, 10, 9ஏ இந்த நாலுக்கும் 2024 நவம்பர் 18ல ஒரு சர்க்குலர் போட்டாங்க, 16/2024. ஒரு வருஷத்துக்குள்ள உள்ள தாமதம்னா கமிஷனரே மன்னிக்கலாம், 365 நாளுக்கு மேல போனா சீஃப் கமிஷனர் லெவல். அசெஸ்மெண்ட் வருஷம் முடிஞ்சு மூணு வருஷம் தாண்டினா அப்ளிகேஷனே எடுக்கமாட்டாங்க. மனு வந்த மாசம் முடிஞ்சு மூணு மாசத்துக்குள்ள முடிஞ்ச வரைக்கும் தீர்த்துரணும்னு அதுலயே சொல்லியிருக்கு. நம்ம பக்கத்துக்கு சென்னை எக்ஸெம்ப்ஷன்ஸ் கமிஷனர்தான். கெடுவுக்கு முன்னாடி "எனக்கு ஒரு மாசம் குடுங்க"ன்னு இங்க கேக்க முடியாது, லேட் ஆனப்பறம் "ஏன் லேட் ஆச்சு பாருங்க"ன்னுதான் எழுத முடியும். அதனால காரணத்துக்கு ஆதாரம் அன்னன்னிக்கே சேக்கணும். போர்டல்ல எரர் வந்தா தேதி, டைம் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட், ஆஸ்பத்திரில இருந்தா டிஸ்சார்ஜ் சம்மரி, ஆடிட்டருக்கு அனுப்பின மெயில். "வேலைப் பளு காரணமாக"ன்னு மொட்டையா எழுதினா எந்த ஆபீசர் மனசும் எறங்காது. விலக்கு போயி டிமாண்ட் வந்தவங்க பல பேரு ட்ரிப்யூனல், ஐகோர்ட்டுன்னு போயி, ரிப்போர்ட் லேட்டுங்கறது நடைமுறைக் கொறதான்னு ஜெயிச்சிருக்காங்க, உண்மைதான். ஆனா ரெண்டு டீச்சர் வெச்சு நடத்துற ட்ரஸ்ட்டு வக்கீல் பீஸுக்கு எங்க போகும்?

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா எனக்கு உறுத்துது. வெளிநாட்டு நிதி வாங்கறதுக்கான எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கா அக்கா? தம்பி இன்னும் இந்திய சிட்டிசனா இருந்து தன் சொந்தச் சம்பளத்துல இருந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நிதி ஆகாது. ஆனா அனுப்பறது அமெரிக்க அமைப்பு, அது கண்டிப்பா வெளிநாட்டு நிதிதான், தம்பி பேரு அதுல தலைவரா இருந்தாலும் சரி. அதுக்கு உள்துறை அமைச்சகத்துப் பதிவு வேணும், பணம் மொதல்ல டெல்லி சன்சத் மார்க் எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குக்குத்தான் வரணும், இங்க செவ்வாய்ப்பேட்டைல உள்ள உங்க சாதா சேவிங்ஸ் கணக்குல நேரா வாங்கக் கூடாது. வர்ற பணத்துல நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, இன்னொரு ட்ரஸ்ட்டுக்கு மாத்திக் குடுக்கவும் கூடாது. வருஷக் கணக்கு எஃப்சி-4, டிசம்பர் 31 கெடு, அந்த வருஷம் ஒண்ணுமே வரலைன்னாலும் பூஜ்யம்னு போடணும். பதிவு இல்லைன்னா இந்த ரிட்டர்ன் பேச்சையெல்லாம் ஓரங்கட்டிட்டு மொதல்ல அதுக்கு ஆளப் பாருங்க, அது வேற லெவல் தலைவலி.

பதிவு எல்லாம் சரியா இருக்குன்னா மீதி இருக்கறது உங்க ரெண்டு பேரு கணக்கையும் பொருத்தற வேலை. அவருக்கு ஜனவரி டு டிசம்பர், உங்களுக்கு ஏப்ரல் டு மார்ச். அவரு முழு 990 போடறவரா இருந்து, வெளிநாட்டுக்கு வருஷம் 10,000 டாலருக்கு மேல குடுத்திருந்தா ஷெட்யூல் எஃப்னு ஒண்ணு சேக்கணும், எந்தப் பகுதிக்கு எவ்ளோ, எதுக்காக, குடுத்த பணம் அதுக்குத்தான் செலவாச்சான்னு எப்படிப் பாத்துக்கறீங்கன்னு கேக்கும். அதுக்குத்தான் அவரு உங்ககிட்ட கணக்கு கேட்டு, அது வர லேட்டாகி எக்ஸ்டென்ஷன் போட்டிருப்பாரு, என் அனுமானம். நீங்க உங்க ஆடிட் பேலன்ஸ் ஷீட்ட அனுப்பினா அவருக்கு அது உதவாது, மூணு மாசம் தள்ளி நிக்கும். மாசவாரியா வரவு செலவு எக்ஸெல்ல ஒரு ஷீட் வெச்சுக்கங்க, டேலில தேதி மாத்தி எடுத்தாலும் வரும். ஜனவரில இருந்து டிசம்பர் வரைக்கும் வெட்டி அவருக்கு, ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் வெட்டி ஆடிட்டருக்கு. ஜனவரி மாசமே அவரோட பாதியக் குடுத்துட்டீங்கன்னா அவரு 8868 போட வேண்டிய அவசியமே இருக்காது.

2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வந்திருக்கு, 2025-26 வருஷக் கணக்குக்கு பழைய சட்டம்தான், அதுக்கு அடுத்த வருஷத்துல இருந்து நான் மேல சொன்ன செக்ஷன் நம்பரெல்லாம் மாறும், ஆடிட்டர் வேற நம்பர் சொன்னா பயந்துக்காதீங்க.

தம்பிகிட்ட இன்னிக்கு ராத்திரி பேசும்போது எந்த ஃபாரத்துக்கு 8868 போட்டாரு, சிபி211ஏ வந்துச்சான்னு கேளுங்க. உங்க பக்கம், அந்த டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன பீரோவுல இருந்து எடுத்து சிஸ்டத்துல சொருகிப் பாருங்க, வெளிய பாத்தா எக்ஸ்பைரி தெரியாது, உள்ள சர்டிபிகேட்டத் தொறந்தாத்தான் தேதி காட்டும். டிரஸ்டி ஆதாருல எந்த ஃபோன் நம்பர் இருக்குன்னும் பாத்துருங்க. மலைல இருக்கற டிரஸ்டின்னா செப்டம்பர்ல ரெண்டு நாள் சேலம் வந்து தங்கச் சொல்லுங்க, தட்டுவடை செட் வாங்கித் தர்றேன்னு சொன்னா வந்துருவாங்க.